ஓடினால் மூட்டு தேய்ந்துவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 49 வயது. கோவையில் வங்கி வேலை. மூன்று வருடங்களாக ஓடுகிறேன். செவ்வாய், வியாழன் ஆறு ஆறு கிலோமீட்டர், ஞாயிறு 12. ஹாஃப் மாரத்தானுக்காக (21 கிலோமீட்டர்) ஞாயிறு ஓட்டத்தை ஒரே மாதத்தில் 20 கிலோமீட்டர் ஆக்கினேன். அதிலிருந்து வலது முட்டியின் முன்பக்கம் வலி. படி இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகம். வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் ‘ஆரம்பநிலைத் தேய்மானம்’ என்று வந்தது. பார்த்த மருத்துவர் ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆன என் மாமனாரும் அதையேதான் சொல்கிறார். இன்னொரு வருத்தம்: இவ்வளவு ஓடியும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. என் உயரம் 168 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. ஓடி என்ன பிரயோஜனம்?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்வதென்றால், ஓட்டத்தைக் குறைத்து, மாற்றி, தொடருங்கள். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

‘தேய்மானம்’ என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் முட்டி வலியைவிட அந்தச் சொல்லுக்குத்தான் அதிகம் பயந்துபோயிருக்கிறார்கள். செருப்பு தேயும், டயர் தேயும், சந்தனக்கட்டை தேயும். தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது. மூட்டையும் அப்படி நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு அடியும் நஷ்டக் கணக்காகத் தெரியும். ஆனால் மூட்டு உயிருள்ள உறுப்பு. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்குச் சாப்பாடு சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்துதான் வர வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் வைத்து அழுத்திவிட்டுப் பாருங்கள். அழுத்தும்போது தண்ணீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். கால் ஊன்றி எடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் முட்டிக்குள் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. நாற்காலியில் அசையாமல் இருக்கும் எட்டு மணி நேரத்தில் அது பெரிதாக நடப்பதில்லை.

ஆதாரம் கேட்பீர்கள். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் ஓர் அலசல் வெளியானது. இடுப்பு, முட்டி மூட்டு வாதம் (தேய்மானம் என்று சொல்கிறோமே, அதுதான்) உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களிடம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 சதவீதம், போட்டிக்காகவே தீவிரமாக ஓடும் தொழில்முறை வீரர்களிடம் 13.3 சதவீதம் இருந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முட்டி நன்றாக இருப்பவர்தான் தொடர்ந்து ஓடுவார், வலி வந்தவர் விட்டுவிடுவார். ஆகவே ஓட்டம் மூட்டு வாதத்தைத் தடுக்கிறது என்று இந்தக் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு இன்னும் பொருத்தமானது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984-இல் தொடங்கிய ஆய்வு. நடுத்தர வயதைத் தாண்டிய 45 ஓட்டக்காரர்களுக்கும் ஓடாத 53 பேருக்கும் கிட்டத்தட்ட இருபது வருடம் முட்டி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஓட்டக்காரர்களின் முட்டி மற்றவர்களுடையதைவிட வேகமாகக் கெடவில்லை. உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பட்ட அவஸ்தையிலிருந்து உங்கள் மேல் அக்கறையோடு சொல்கிறார், அதை மதிக்க வேண்டும். ஆனால் அவருடைய முட்டி ஓடியதால் கெட்டதா, வேறு காரணத்தாலா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் எக்ஸ்ரேக்கு வருவோம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். 49 வயதில் ஒரு வலியும் இல்லாதவர்கள் பத்துப் பேருக்கு எடுத்தாலும் சிலருக்கு ‘ஆரம்பநிலை மாற்றம்’ என்று எழுதித்தான் தருவார்கள். லண்டன் மாரத்தானை முதல்முறை ஓடத் தயாரான 82 பேருக்கு, பயிற்சிக்கு முன்பே முட்டியில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். எவருக்கும் வலி இல்லை. ஆனாலும் பெரும்பாலானவர்களின் முட்டியில் ஏதோ ஒரு கோளாறு படத்தில் தெரிந்தது. நான்கு மாதப் பயிற்சியும் மாரத்தானும் முடிந்தபின் மறுபடி எடுத்தபோது, உடல் எடையை அதிகம் தாங்கும் எலும்புப் பகுதிகளில் இருந்த மாற்றங்கள் பலருக்குக் குறைந்திருந்தன. முட்டிச் சில்லுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு மட்டும் சிலருக்குக் கொஞ்சம் மோசமாகியிருந்தது.

இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு முக்கியம். முன்பக்க வலி, படி இறங்கும்போது அதிகம், உட்கார்ந்து எழுந்தால் அதிகம், வீக்கம் இல்லை. இவையெல்லாம் சேர்ந்தால் முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் நகரும் இடத்தில் பளு கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன். ஓட்டக்காரர்களிடம் மிகச் சாதாரணமாகக் காண்பது இது. தொட்டுப் பார்க்காமல் கடிதத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஒரே மாதத்தில் 12-லிருந்து 20. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் குருத்தெலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறோம், முட்டி பின்தங்கிவிடுகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாண் உயரப் படியில் கண்ணாடி முன் வலது காலில் நில்லுங்கள். இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக, மூன்று எண்ணி, வலது முட்டியை மடக்குங்கள். முட்டி எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். கால் விரல்களுக்கு நேராக நிற்கிறதா, இல்லை உள்பக்கமாக, கட்டைவிரலையும் தாண்டிச் சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா? போன மாதம் இதே வலியோடு வந்த ஓர் ஆசிரியையைச் செய்யச் சொன்னேன். வலது முட்டி உள்ளே போய் நடுங்கியது, இடது முட்டி நேராக நின்றது. அவருக்கே ஆச்சரியம். அவருக்குத் தேவைப்பட்டது இடுப்புத் தசைக்கும் தொடைத் தசைக்கும் பலம். வெறும் ஓட்டம் அந்தப் பலத்தைத் தராது.

அதனால் அடுத்த ஆறு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். ஞாயிறு 20 வேண்டாம், எட்டோடு நிறுத்துங்கள். அதற்குப் பதில் வாரம் நான்கு நாள் நான்கு, ஐந்து கிலோமீட்டர் ஓடுங்கள், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஒரு நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 156 வந்தால் 164 ஆக்கப் பாருங்கள், வேகத்தைக் கூட்டாமல். அடி குட்டையாகும், முட்டியின் மேல் விழும் பளு குறையும். அப்புறம், கோவைக்காரர்கள் பலர் மருதமலைப் படியேறுவதைப் பயிற்சியாக வைத்திருக்கிறீர்கள். ஏறுங்கள், இப்போதைக்கு இறங்குவதற்குப் பஸ்ஸைப் பிடியுங்கள்.

வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 12 தடவை, மூன்று சுற்று. மேலே சொன்ன படிச் சோதனையையே பயிற்சியாக, கண்ணாடி முன், முட்டி உள்ளே போகாமல். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது. தோப்புக்கரணம் போடுகிறவராக இருந்தால் பாதி ஆழத்துக்குப் போடுங்கள், முழுவதும் உட்காருவது வலி போனபின். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலிலும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஓடுகிறவர்கள்தான் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

வலியைப் பத்து மதிப்பெண்ணுக்கு அளந்துகொள்ளுங்கள். ஓடும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிட்டால் பரவாயில்லை, தொடரலாம். நான்கு, ஐந்து என்று ஏறினாலோ, காலையிலும் மிச்சம் இருந்தாலோ தூரத்தைக் குறையுங்கள். முட்டி வீங்கினால், மடக்கியது நீட்ட வராமல் சிக்கிக்கொண்டால், நடக்கும்போது பிடிப்பில்லாமல் திடீரென மடங்கிவிட்டால், ராத்திரி தூக்கத்தில் வலித்து எழுப்பினால் உடனே நேரில் காட்ட வேண்டும். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விடுங்கள். நீண்ட ஓட்டத்தில் உடலில் நீர் குறையும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலியையும் மறைத்துவிடும்.

இனி சர்க்கரை. “ஓடி என்ன பிரயோஜனம்” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை, 49 வயது, பகல் முழுவதும் உட்கார்ந்த வேலை. இத்தனைக்கும் நடுவே நீங்கள் இன்னும் 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்ட, சர்க்கரைக்கு முந்தைய கட்டத்திலேயே நிற்கிறீர்கள் என்றால், அதில் அந்த மூன்று வருட ஓட்டத்துக்கு நிச்சயம் பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஆனால் ஓட்டத்தின் பலன் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தசை சுருங்கி விரியும்போது, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே விடும் கதவுகள் இன்சுலினின் உதவி இல்லாமலேயே திறக்கின்றன. ஓடி முடித்த பின்னும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படியும். அப்புறம் மெல்லப் பழைய நிலைக்குப் போய்விடும். வியாழன் காலை ஓடிவிட்டு ஞாயிறு வரை சும்மா இருந்தால், சனிக்கிழமை உங்கள் தசைக்கு அது ஏறக்குறைய மறந்தே போயிருக்கும். ஞாயிறு 20 கிலோமீட்டர் ஓடி அதை ஈடுகட்ட முடியாது. நான்கு நாளாகப் பிரிக்கச் சொன்னது முட்டிக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

இதைவிட எளிதான ஒன்று உண்டு. சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடப்பது. நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் வங்கியைச் சுற்றி இரண்டு ரவுண்டு போங்கள். காலையில் ஓடியவர் பகலில் ஒன்பது மணி நேரம் அசையாமல் இருக்கலாம் என்று உடம்போடு ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

சாப்பாட்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். உங்கள் எடைக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 740 கலோரி. ஞாயிறு ஓட்டம் முடிந்து நண்பர்களோடு ஹோட்டலில் உட்கார்ந்து பொங்கல், வடை, பிறகு ஒரு நெய் ரோஸ்ட், சர்க்கரை போட்ட காபி என்று போனால் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நண்பர்களை விட வேண்டாம். இட்லி மூன்று, சாம்பார் நிறைய, இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 26-க்கு மேல். நம் மக்களுக்கு 23-க்கு மேலே அதிகம், 25-க்கு மேலே உடல் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கைந்து கிலோ குறைந்தால் சர்க்கரை, முட்டி இரண்டுக்கும் நல்லது. மூட்டு வாதம் உள்ள, எடை கூடியவர்களிடம் அளந்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பளு நான்கு கிலோ குறைந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இந்த முயற்சிக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் உங்களைப் போல எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடை, சாப்பாடு இரண்டையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை.

இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி. ஹீமோகுளோபினும், உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடக் காட்டலாம். குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால், மறுபடி நீண்ட தூரம் போவதற்கு முன் ரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி பார்த்து, தேவைப்பட்டால் ட்ரெட்மில் டெஸ்ட்டும் செய்துகொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இந்த சீசன் ஹாஃப் மாரத்தானை விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் ஓடலாம். ஆறு வாரம் கழித்து அதே கண்ணாடி முன், அதே படியில் இறங்கிப் பாருங்கள். முட்டி நேராக நின்றதா, வலி எத்தனை மதிப்பெண் என்று எனக்கு எழுதுங்கள். ஞாயிறு தூரத்தை எப்படிக் கூட்டுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.