சனிக்கிழமை காலை யாருடையது?

அன்புள்ள அக்கா,

என் அப்பாவுக்கு 71 வயது. கை நடுங்கி உடம்பு இறுகிப்போகிற பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. பட்டறையில் லேத் ஓட்டியவர். இப்போது சட்டைப் பொத்தான் போடவே ஒருவர் வேண்டும். பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் 100 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எனக்கு 44 வயது. கல்லூரி முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. புதிதாக ஒன்று வாங்கி ஒரு மாதமாக ஓட்டுகிறேன். சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினால் திரும்பிவரப் பத்து மணி ஆகிவிடும். அதுவரை அம்மா பார்த்துக்கொள்கிறார். 40 கிலோமீட்டருக்கே இடுப்பு விட்டுப்போகிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது. மிதிக்கும்போது பெடல் பக்கம் டக் டக்கென்று ஒரு சத்தம் வேறு. கடையில் காட்ட வேண்டும்.

போன வாரம் கிளம்பும்போது அப்பா கேட்டார், "நீ எங்கயோ போய் மிதிச்சா எனக்கு என்னடா ஆகப்போகுது?" எனக்குப் பதில் வரவில்லை. "பணத்தை நேரா குடுத்துட்டுப் போயேன், எதுக்கு இந்தக் கூத்து" என்கிறான் மச்சான். நண்பர்களிடம் பணம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. என்னால் முடியுமா? இதில் அர்த்தம் இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

முடியும். 44 வயது, நடுவில் இருபது வருட இடைவெளி என்பதால் ஒருமுறை டாக்டரிடம் போய் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அவர் சரி என்றால் மூன்று மாதம் தாராளம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். நின்று இளைப்பாறுவதையும் சேர்த்தால் ஆறு. அவ்வளவு நேரம் அந்தச் சீட்டில் உட்காரப் பழகுவதுதான் உங்கள் பயிற்சி. வேகத்தைப் பற்றி இந்த வருடம் யோசிக்கவே வேண்டாம்.

இடுப்பு வலிக்கு முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கை மரத்துப்போவது உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குவதால். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். இன்னொன்று, கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன்: பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அந்தத் தையல் உரசித்தான் புண்ணாகிறது.

வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம், நடுவில் இரண்டு குட்டி ஓட்டங்கள் போதும். நீண்ட ஓட்டத்தில் வாரம் ஐந்து கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். 75, 80 கிலோமீட்டரைத் தொட்டவர் அந்த நாளில் 100 முடித்துவிடுவார், அதற்கு முன் நூறை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போது பசிக்கக் காத்திருக்காமல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருப்பீர்கள்.

உடம்பு விஷயம் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "அதுவரை அம்மா பார்த்துக்கொள்கிறார்." அத்தனை நீளக் கடிதத்தில் அம்மா வருவது அந்த ஒரு இடத்தில் மட்டும்.

பார்க்கின்சன்காரர்கள் பலருக்கு நாளிலேயே மோசமான நேரம் விடிகாலை. முந்தைய நாளின் கடைசி மாத்திரை இரவோடு தீர்ந்திருக்கும். உடம்பு கட்டையாகக் கிடக்கும், படுக்கையில் புரள முடியாது, கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டும். காலையில் போடுகிற லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவது கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். அம்மாவுக்கும் எழுபதை ஒட்டி வயது இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது, நீங்கள் அப்பாவுக்காக எங்கோ மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பயணங்களுக்குத் தயாராகிற வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: பயிற்சிக்கான நேரம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை, வீட்டில் இன்னொருவருடைய நேரத்திலிருந்து வெட்டப்படுகிறது. அந்த இன்னொருவர் வாயே திறப்பதில்லை.

ஆகவே ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். மாத்திரை கொடுத்து, அப்பா எழுந்து, குளித்து உட்கார்ந்த பிறகு கிளம்புங்கள். வெயில் ஏறிவிடும்தான். தண்ணீரைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வார நடுவில் வருகிற ஓட்டங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கிற டிரெய்னர் கிடைக்கிறது, அப்பா இருக்கிற அறையிலேயே அதைப் போடலாம். சத்தம் போடும், அவர் திட்டுவார், திட்டட்டும். நீண்ட ஓட்டம் உள்ள நாளில் அம்மாவைத் தவிர வேறு யாராவது அப்பாவுடன் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த நேரத்தில் அம்மா தூங்குகிறாரா, வெளியே போகிறாரா என்பது அவர் பாடு.

பணம் கேட்கக் கூச்சம் என்றீர்களே, அதற்கும் இங்கேதான் வழி இருக்கிறது. எல்லோரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை. சிலரிடம் நேரம் கேளுங்கள். "ஒரு சனிக்கிழமை மூணு மணி நேரம் அப்பாவோட உட்கார்ந்து பேசிட்டிருப்பியா?" பணம் கேட்டால் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிற நண்பன், இப்படி வந்து உட்கார்ந்தால் நோய் என்னவென்று கண்ணால் பார்த்துவிட்டுப் போவான். அப்புறம் பணமும் கேட்காமலே வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

மச்சானுடைய கேள்வி முட்டாள்தனமானது இல்லை. ஒருவர் பையிலிருந்து மட்டும் பணம் போவதென்றால் சைக்கிளே தேவையில்லை. ஆனால் நீங்கள் ஓட்டுவதால் முப்பது நாற்பது பேரிடம் போய் நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது. அமெரிக்காவில் தோல் புற்றுநோய்க்குத் தன் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980இல் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்காகச் சைக்கிளில் கடந்தார். பான் மாஸ் சேலஞ்ச் என்ற அந்தப் பயணம் வருடா வருடம் நடந்து, டானா ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு இதுவரை நூறு கோடி டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்திருக்கிறது. ஓட்டுபவர்கள் திரட்டுகிற பணம் முழுவதையும் அப்படியே மையத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லா அமைப்பும் அப்படி இல்லை. நீங்கள் பெயர் கொடுத்த இடத்தில் திரட்டியதில் எவ்வளவு ஆராய்ச்சிக்குப் போகிறது, எவ்வளவு ஏற்பாட்டுச் செலவுக்குப் போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதத்தை மச்சானிடம் காட்டுங்கள்.

நிதி கேட்கும்போது ஒரு விஷயம். அப்பாவின் நடுங்கும் கையைப் படம் எடுத்துப் போட்டால் பணம் வேகமாக வரும். அவரைக் கேட்காமல் போடாதீர்கள். பட்டறையில் நாலு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்திருப்பார், அந்த நாலு பேரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். என்ன எழுதப்போகிறீர்கள் என்பதை முதலில் அவருக்குப் படித்துக்காட்டுங்கள். அவர் வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுங்கள்.

"எனக்கு என்னடா ஆகப்போகுது" என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லலாம்: நேரடியாக ஒன்றும் ஆகாது, ஆராய்ச்சி மெதுவாகத்தான் நகரும். பூசி மெழுகினால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் சைக்கிளுக்கும் இந்த நோய்க்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு, அதைச் சொன்னால் காது கொடுப்பார். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 58 வயது, பத்து வருட நோய். நாலடி எடுத்து வைப்பதற்குள் கால் தரையோடு உறைந்துவிடும். அதே ஆளைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய், வளைந்து திரும்பி வந்தார். இறங்கியதும் மறுபடி உறைந்தார். சுழலும் பெடல் காலுக்குத் தாளம் எடுத்துக் கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். இன்னொன்று, ஜே ஆல்பர்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2003இல் பார்க்கின்சன் உள்ள ஒரு தோழியைப் பின்சீட்டில் வைத்து, இருவர் மிதிக்கிற டேண்டம் சைக்கிளில் அயோவா மாநிலத்தைக் கடந்தார். வழியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து தெளிவாகிவிட்டது. மிதித்தது கால், தெளிந்தது கை. அதன்பின் ஆல்பர்ட்ஸ் குழுவினர் பத்து நோயாளிகளை வைத்து எட்டு வாரம் சோதித்தார்கள். தாங்களாக மிதிப்பதைவிட வேகமாக டேண்டமில் மிதிக்க வைக்கப்பட்டவர்களின் உடலியக்க மதிப்பெண் சுமார் 35 சதவீதம் முன்னேறியது. 2009இல் வெளியான ஆய்வு. பத்தே பேர் என்பதை மறக்க வேண்டாம். மாத்திரைக்கு இது மாற்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டு அப்பாவைச் சாலையில் சைக்கிள் ஏற்றிவிடாதீர்கள். உட்கார்ந்து எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது இந்த நோயில் சகஜம். நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் சாய்ந்து உட்காரும் உடற்பயிற்சி சைக்கிளில், மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில், பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். உங்கள் டிரெய்னர் பக்கத்திலேயே.

டக் டக் சத்தத்தைக் கடையில் காட்டும் முன் அப்பாவிடம் காட்டுங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் பெடல், பெடலைத் தாங்கும் கிராங்க், அது சுழலும் அடி பேரிங் இந்த மூன்றில் ஒன்று. மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் பெரும்பாலும் சக்கரம். வாசலில் அவரை உட்கார வைத்து, முன்னால் மெதுவாக மிதித்துப் போய் வாருங்கள். விரல் மெதுவாகியிருக்கலாம், அத்தனை வருடம் லேத் பக்கத்தில் நின்ற காது எங்கும் போயிருக்காது. ஸ்பானரை நீங்கள் பிடியுங்கள், எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.

கடைசியாக, அந்த நாள். அப்பாவை முடியும் இடத்தில் நிற்க வைக்க ஆசைப்படுவீர்கள். வேண்டாம். கூட்டம், குறுகலான தடுப்புகள், அவசரம் எல்லாமே கால் உறைவதற்கு ஏற்ற சூழல். பாதி வழியில் இளைப்பாறும் இடம் ஏதாவது காலியாக இருக்கும். அங்கே நாற்காலியும் கழிப்பறையும் உண்டா என்று முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். மாத்திரை டப்பா அம்மாவிடம் இருக்கட்டும். நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே வருவீர்கள் என்று கேட்டால், நினைப்பதைவிட அரை மணி தள்ளியே சொல்லிவையுங்கள். எதிர்காற்று இருந்தால் அதுவும் போதாது.

அன்புடன்,
அக்கா