லோன் ஆப் மிரட்டல்: கடன் வேறு, பிளாக்மெயில் வேறு

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒரு லோன் ஆப்பில் 6,000 ரூபாய் கடன் கேட்டேன். பிடித்தம் போக 3,600தான் கைக்கு வந்தது. ஏழாவது நாளே 6,000 கட்டிவிட்டேன். இன்னும் 4,000 பாக்கி என்று மிரட்டுகிறார்கள். என் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, சூப்பர்வைசருக்கும் சித்தப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். பணத்தைக் கட்டினால் நிறுத்துவார்களா? போலீசுக்குப் போனால் என் மேலேயே வழக்கு வருமா?

பதில்: நிறுத்த மாட்டார்கள். இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பயந்து பணம் கட்டுகிறவரிடம்தான் அடுத்த தொகையைக் கேட்பார்கள். நீங்கள் 6,000 கட்டிய பிறகு 4,000 கேட்டதும் அப்படித்தான். வழக்கு பற்றிய பயமும் வேண்டாம். ஏமாற்றும் எண்ணமில்லாமல் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனாலே அது குற்றமல்ல, சிவில் விவகாரம். நீங்களோ கட்டியே முடித்துவிட்டீர்கள். இங்கே குற்றம் செய்தவர்கள் அவர்கள்.

ஆப்பை உடனே அழித்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கடன் விவரம் காட்டும் பக்கங்கள், மிரட்டல் செய்திகள், அழைத்த எண்கள், நீங்கள் பணம் அனுப்பிய யுபிஐ ஐடி, உங்கள் கணக்கில் 3,600 போட்டவர் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சித்தப்பாவுக்கு வந்த செய்தியை அவர் போனிலேயே அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வழக்கு என்று வரும்போது அந்த மூலச் செய்திக்குத்தான் மதிப்பு அதிகம். அப்புறம் செட்டிங்ஸில் போய் கான்டாக்ட், கேலரி அனுமதிகளை நீக்கிவிட்டு ஆப்பை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே திருடிய எண்கள் திரும்பி வராது, இனி புதிதாக எதுவும் போகாது.

அடுத்ததைச் செய்யத்தான் பலரும் கூசுகிறார்கள், ஆனால் மிரட்டலை முறிப்பது அதுதான். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். "ஒரு மோசடி லோன் ஆப் என் போனிலிருந்து உங்கள் எண்ணைத் திருடியிருக்கிறது. என் பெயரில் போலிப் படம் வந்தால் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், பதிலும் பேசாதீர்கள். அனுப்பிய எண்ணை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுக்கிறேன்." இதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், சூப்பர்வைசரிடம் நேரிலேயே சொல்லுங்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் கூச்சம். வெட்கப்பட வேண்டிய எதையும் நீங்கள் செய்யவில்லை. இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த ஆப்களால் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். திருப்பூரிலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. "இது எங்கள் எல்லையில் வராது" என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் வரும். ஆபாசப் படத்தைப் பரப்பியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் இருக்கின்றன. குற்றவாளிகள் எங்கேயோ இருக்கிறார்கள், பிடிக்கவா போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2021 ஜனவரியில் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார் பெங்களூரு வரை போய் இத்தகைய ஆப்களை நடத்திய சீனர்கள் இருவரைக் கைது செய்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, ஆண்ட்ராய்டில் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை. அதன் பிறகு 2022இல் வழிகாட்டுதல்கள் வந்தன, 2025 மே மாதம் அவை விரிவான உத்தரவுகளாயின. அவற்றின்படி, கடன் ஆப் உங்கள் கான்டாக்ட் பட்டியலையும் கேலரியையும் கால் பதிவுகளையும் தொடவே கூடாது. நீங்கள் அனுமதி கொடுத்திருந்தாலும் கூடாது. எனக்கு இந்த விதியில் பிடித்தது அதுதான். அவசரத்தில் "அலவ்" பட்டனை அழுத்தியதைச் சம்மதம் என்று சொல்வதே அநியாயம். அதோடு, சித்தப்பாவின் எண்ணுக்குச் சம்மதம் தர வேண்டியவர் சித்தப்பா, நீங்கள் அல்ல. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். இந்தத் தாமதம் எனக்கு உடன்பாடில்லை.

ஏழு நாளில் 3,600க்கு 2,400 ரூபாய் கூடுதல் என்றால் நூற்றுக்கு 66 ரூபாய்க்கும் மேல், அதுவும் ஒரே வாரத்தில். மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003லிருந்தே இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டுவதைத் தண்டிக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது; டிஜிட்டல் கடன் தளங்களும் அதில் அடங்கும். புகாரில் இவற்றையும் குறிப்பிடுங்கள்.

ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இலவசமாகப் புகார் செய்யலாம். பதிவான நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. அதில் உங்கள் ஆப் இல்லையென்றால் ஒம்பட்ஸ்மேன் வழி பெரும்பாலும் உதவாது, போலீஸ் புகாரே போதும்.

புகார் எழுதும்போது கதையாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில் 3,600 வந்தது, எந்தத் தேதியில் 6,000 கட்டினீர்கள், எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்குப் படம் யாருக்குப் போனது என்று வரிசையாக எழுதி, வங்கி ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பாதீர்கள்.