பத்தாயிரம் அடியும் குதிகால் வலியும்

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வயது 44. எங்கள் வட்டாரத்தில் தினம் 10,000 அடி குழு நடைப் போட்டி தொடங்கியிருக்கிறார்கள். எனக்குக் குதிகால் வலி, சர்க்கரையும் உண்டு. சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்த 10,000-ஐ மறந்துவிடுங்கள். 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயர் அது. 7,000 அடியிலேயே பலனில் பெரும்பகுதி வந்துவிடும். வீடு வீடாக பிரஷர் பார்க்கப் போகிற நடையும் இதில் சேர்த்தி. சேராது என்றால் சண்டை போடுங்கள்.

காலையில் வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதா? தேய்ந்த ரப்பர் செருப்பை முதலில் மாற்றுங்கள். எழும் முன் பாதத்தில் துண்டை மாட்டி, விரல்களை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். வலி கூடினால் இரண்டு நாள் நடையைக் குறையுங்கள்.

சர்க்கரைக்கு மெட்பார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இதில் ஏதாவது எடுக்கிறீர்களா? அப்படியானால் வெறும் வயிற்றில் நடக்கவே கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டு, 'நடந்துட்டு வந்து டிபன்' என்று கிளம்புவதுதான் ஆபத்து; ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சர்க்கரை இல்லாத பிஸ்கட் இதற்கு உதவாது. பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். போட்டிக்காக மாத்திரையை நீங்களே நிறுத்தவும் வேண்டாம்.

உங்கள் காலைவிட எனக்குக் கவலை, இந்தக் குழுக்களுக்குள் நுழையும் ஆட்கள்தான். 'இந்த வாட்ச் வாங்கினால்தான் அடி ஏறும்' என்பார் ஒருவர். 'நடந்தால் காயின், காயின் பணமாகும், முதலில் 499 கட்டுங்க' என்பார் இன்னொருவர். அப்புறம் இளைக்கிற பவுடர் வரும். பத்துப் பைசா கொடுக்காதீர்கள். செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதில் நோயாளிகளின் எண்களும் இருக்கின்றன. போனைப் பிள்ளை கையில் கொடுத்து ஊஞ்சலாட விட்டாலே அடி ஏறும், அந்தக் கணக்குக்கா இவ்வளவு பாடு!

வெயிலில் களத்துக்குப் போகிறவர்கள் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமலே நடக்கிறார்கள். அதற்கு வழி செய்யாமல், போட்டி நடத்துகிறவர்கள் நடந்ததற்குச் செல்ஃபி கேட்கிறார்கள். சரி, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: தனி ஆள் அடிக்குப் பதில் குழுவின் மொத்த நிமிடம், ஆளுக்கு வாரம் 150. செல்ஃபி வேண்டாம், நோட்டில் எழுதினால் போதும்.