கணினி கேள்வி–பதில்: புதிய ரவுட்டரும் பழைய முகவரியும்

கேள்வி: உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே விண்ணப்பங்களும் கடிதங்களும் தட்டச்சு செய்து கொடுத்து வருகிறேன். அண்மையில் இணைய இணைப்பை மாற்றிப் புதிய ரவுட்டர் பொருத்திய பின்னர், வைபை இணைந்திருக்கும்போது வேர்ட் திறக்கவும் கோப்புறைகள் விரியவும் நெடுநேரமாகிறது. வைபையை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. கைபேசியில் இணையம் வேகமாகவே இருக்கிறது. முன்பு வைபையில் இயங்கிய பிரின்டரை இப்போது வயரில் இணைத்திருக்கிறேன். மகனின் கணினியிலுள்ள கோப்புறையும் திறப்பதில்லை. கணினிக் கடையில், எல்லாவற்றையும் அழித்துப் போர்மட் செய்யச் சொல்கிறார்கள். வேறு வழியுண்டா?
– வாசகி, திருகோணமலை

பதில்: போர்மட் செய்வதைத் தள்ளி வையுங்கள். கைபேசியில் வேகம் குறையாததாலும், இணையமே தேவைப்படாத வேலைகள்கூடத் தாமதமாவதாலும், குறை இணைய இணைப்பில் இருப்பதாகத் தோன்றவில்லை.

பழைய ரவுட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168.1.20 என்பது போன்ற ஓர் உள்முகவரியை வழங்கியிருக்கும், புதியது 192.168.8 என்று தொடங்கும் வேறு வரிசையில் வழங்கக்கூடும். பிரின்டரையும் மகனின் கோப்புறையையும் உங்கள் கணினி பழைய முகவரியிலேயே நினைவில் வைத்திருந்தால், வேர்ட் திறக்கும்போது டிபோல்ட் பிரின்டரிடம் (வேறெதையும் தெரிவுசெய்யாதபோது கணினி பயன்படுத்தும் பிரின்டர்) விவரம் கேட்டும், கோப்புறைகள் விரியும்போது மகனின் கோப்புறையைக் காட்டும் நெட்வேர்க் டிரைவைத் தேடியும், பதில் வராத இடத்தில் பல வினாடிகள் காத்துக் கிடக்கும். வைபை நிறுத்தப்பட்டிருந்தால், அங்கு செல்ல வழியே இல்லை என்பது விண்டோஸுக்கு உடனே தெரிந்துவிடுவதால் அது காத்திருப்பதில்லை. கடையில் இணைப்பின்றிச் சோதிப்பவரின் கண்ணுக்கு இக்குறை படாமற்போவதும் இதனால்தான்.

முதலில் செட்டிங்ஸில் பிரின்டர் பகுதிக்குச் சென்று, டிபோல்ட் பிரின்டரை விண்டோஸே தெரிவுசெய்யும் வசதியை நிறுத்திவிட்டு, வயரில் இணைந்திருப்பதை டிபோல்ட் ஆக்குங்கள். வேர்ட் சட்டென்று திறந்தால் பழைய வைபைப் பிரின்டரின் பதிவை அழித்துவிடலாம். பின்னர் ‘திஸ் பிசி’யில் சிவப்புப் புள்ளடியுடன் தெரியும் டிரைவை வலச்சொடுக்கி ‘டிஸ்கனெக்ட்’ கொடுத்து, மகனின் கணினியை எண் முகவரியால் அல்லாமல் அதன் பெயரால் மீண்டும் இணையுங்கள். ரவுட்டர் இன்னொரு முறை மாறினாலும் அந்தப் பெயர் மாறாது.

இவ்வளவுக்குப் பிறகும் மந்தம் நீங்காவிட்டால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘டிஸ்க்’ என்ற தலைப்பின் கீழுள்ள அளவு 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இணையம் கிடைத்தவுடன் விண்டோஸ் அப்டேட்டோ, கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவோ பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திணறடிக்கிறது என்று கொள்ளலாம். அப்போதும் போர்மட்டைவிட, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவதற்கே பணம் செலவழிப்பேன்.