ஆணா, மனிதனா?

கேள்வி: 'மாக்பெத்' நாடகத்தில் பழியெல்லாம் லேடி மாக்பெத்துக்குத்தானே சேரும்? "நீ ஓர் ஆண்பிள்ளையா?" என்று சீண்டித்தானே கணவனைக் கொலைகாரன் ஆக்கினாள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'ஆண்பிள்ளை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு. ஷேக்ஸ்பியர் எழுதியது 'மேன்'. ஆங்கிலத்தில் அது ஆணையும் குறிக்கும், மனிதனையும் குறிக்கும். தமிழில் அந்த வசதி கிடையாது, ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். வருகிற இடத்திலெல்லாம் 'ஆண்மகன்', 'வீரன்' என்று போட்டுத் தமிழாக்கினால் எனக்குக் கோபம் வரும். நாடகத்தின் உயிர்நாடியே அங்கே அறுந்துவிடுகிறது.

முதல் அங்கம், ஏழாம் காட்சியைப் பாருங்கள். விருந்தாளியாக வந்த அரசன் டங்கன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அரியணைக்காக அவனைக் கொல்லத் திட்டமிட்டிருந்த தளபதி மாக்பெத், பாதியில் எழுந்து வந்து மனைவியிடம், கொலை வேண்டாம் என்கிறான். 'மேன்' ஒருவனுக்குத் தகுந்த எதையும் செய்யத் துணிவேன், அதற்கு மேல் துணிகிறவன் 'மேன்' இல்லை என்கிறான். அவன் சொல்வது மனிதனை. "அப்படியென்றால் இந்த எண்ணத்தை என்னிடம் சொன்னது எந்த மிருகம்?" என்று கேட்கிறாள் அவள். மிருகம் என்று கேட்பதிலேயே அவன் எந்தப் பொருளில் பேசினான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது தெரிகிறது. ஆனால் அடுத்த வரியில், துணிந்தபோதுதான் நீ ஆண் என்று திருப்பிவிடுகிறாள். அதே சொல்லிலிருந்து மனிதன் வெளியேறி, ஆண் வந்து உட்கார்ந்துவிட்டான். டங்கனின் உயிர் போனது அங்கேதான்.

'ஆண் பிள்ளைகளையே பெறு' என்று மாக்பெத் அவளை மெச்சுகிறான். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் அவளாக நடித்தவனே ஒரு பையன். ஆங்கிலேயப் பெண்கள் தொழில்முறை நடிகைகளாக மேடையேறியது 1660-இல்தான்.

சரி, பழிக்கு வருவோம். அவள் பேச்சின்படியே எண்ணம் முதலில் அவனிடமிருந்து வந்தது. மூன்றாம் அங்கத்தில் அவளிடம் சொல்லாமலே தன் சக தளபதி பாங்க்வோவைக் கொல்ல ஆள் பிடிக்கிறான். "நாங்களும் ஆண்கள்தான் ஐயா" என்கிறவர்களிடம், வேட்டைநாயும் சொறிநாயும் நாய் என்றே எண்ணப்படுவதுபோலப் பட்டியலில் நீங்களும் ஆண்கள்தான் என்கிறான். அவள் தன்னைக் குத்திய அதே முள்ளை எடுத்து அவர்களைக் குத்துகிறான். பழியை அவள் தலையில் மட்டும் கட்டிவிட்டு அவனை அப்பாவியாக்குவதை நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

மாக்பெத்தை எதிர்த்து இங்கிலாந்துக்குப் போயிருக்கும் பிரபு மக்டஃபுக்கு, மாக்பெத்தின் ஆட்களால் மனைவியும் பிள்ளைகளும் வெட்டப்பட்ட செய்தி வருகிறது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். "எல்லாருமா? எல்லாரும் என்றா சொன்னாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஆணைப் போல இதை எதிர்கொள் என்கிறான் டங்கனின் மகன், இளவரசன் மால்கம். "செய்வேன். ஆனால் மனிதனாக இதை உணரவும் வேண்டுமே" என்கிறான் மக்டஃப். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். தமிழில் இரண்டாகப் பிரித்துச் சொன்னால் அந்தத் தகப்பனின் நெஞ்சு திறந்து தெரியும். இங்கே நம் மொழி கொடுத்து வைத்தது!

கடைசிக் காட்சியில், மாக்பெத்தை எதிர்த்துப் படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி, கிழவர் சீவார்டிடம், போரில் உங்கள் மகன் ஆணாகச் செத்தான் என்கிறார்கள். காயம் முன்பக்கம்தானா என்று கேட்கிறார், ஆம் என்றதும் அதோடு போதும் என்கிறார். அப்போது ஒருவன் மட்டும், "அவன் இன்னும் அதிகத் துக்கத்துக்கு உரியவன், அவனுக்காக நான் துக்கப்படுவேன்" என்கிறான். அவன் வேறு யாருமில்லை, மக்டஃபை ஆணைப் போல இருக்கச் சொன்ன அதே மால்கம்.