கழுத்தில் கரண்ட் வைத்தால் அண்ணா நடப்பாரா?

கேள்வி: மிஸ், என் அண்ணா 4 வருஷத்துக்கு முன் பனையால் விழுந்து கழுத்தடியில் முள்ளந்தண்டு முறிந்தது. ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு சக்கர நாற்காலிதான். மணிக்கட்டை நிமிர்த்துவார், கைவிரல் இயங்காது. இடது காலின் பெருவிரல் மட்டும் இடைக்கிடை அசையும். முதுகில் கரண்ட் கொடுத்து ஒருவர் நடக்கும் வீடியோவைக் கனடா மாமா அனுப்பினார். அதே வைத்தியம் என்று இங்கே ஒரு நிலையம் 10 நாளுக்கு 2 இலட்சம் கேட்கிறது. காணியை ஈடு வைக்கலாமா?
- ஒரு தங்கை, கரவெட்டி

பதில்: ஈடு வைக்க வேண்டாம் பிள்ளை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மாமா அனுப்பியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் லூயிவில்லிலும் சுவிட்சர்லாந்தில் லோசானிலும் அப்படி நடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முண்ணாணை (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டை) மூடிய உறைக்கு மேலே சத்திரசிகிச்சை செய்து மின்வாய்ப் பட்டி பதித்திருந்தார்கள். 2018இல் வெளியான லூயிவில் ஆய்வில் இருந்தது நாலு பேர், நடந்தது இரண்டு பேர். அதில் ஒருவருக்கு 85 கிழமையில் 278 தடவை பயிற்சி தேவைப்பட்டது. 10 நாள்காரர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

கரண்ட் காலைத் தூக்கி வைப்பதில்லை. முண்ணாணுக்குள் போகும் உணர்ச்சி நரம்புகளை அது தட்டுகிறது. காயத்துக்குக் கீழே உயிரோடு சும்மா கிடக்கும் நரம்புக்கலங்கள் அதனால் விழித்துக்கொள்ளும். தோட்டத்தில் தண்ணி இழுக்காத பம்புக்கு முதலில் ஒரு வாளி வார்ப்போமே, அது மாதிரி. மூளையில் இருந்து வரும் இழைகளில் கொஞ்சம் காயத்தில் தப்பியிருந்தால், முன்பு எட்டாத கட்டளை இப்போது எட்டும். அந்த நேரத்தில் ஆளும் முக்கி முயல வேண்டும். அப்படித் திரும்பத் திரும்பச் செய்தால்தான் இணைப்பு பலக்கும். படுத்துக்கொண்டு கரண்ட் பிடிப்பதால் காசுதான் போகும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், அந்தப் பெருவிரலுக்காக. அண்ணா நினைத்தவுடன் அசைகிறதா, தானாக வரும் இழுப்பா? போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வடிவாகச் சோதிப்பியுங்கள். நினைத்து அசைந்தால் முண்ணாண் முழுதாக அறவில்லை என்று அர்த்தம், அப்படியானவர்களின் கைகளுக்கு ஒரு வழி வந்திருக்கிறது. 2024இல் ‘நேச்சர் மெடிசின்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதைப் பற்றியது. கழுத்துத் தோலில் மின்வாய் ஒட்டினார்கள், வெட்டுக்கொத்து இல்லை. 60 பேருக்கு இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு கரண்ட். 72 வீதமானோருக்குக் கைப் பலமும் கைவேலையும் கூடின. காயப்பட்டு 34 வருஷமானவரும் அதில் இருந்தார், ஆகவே உங்கள் 4 வருஷம் பிந்தவில்லை. அந்த டிசம்பரில் அமெரிக்காவில் அந்தக் கருவிக்கு அனுமதி கிடைத்தது, முண்ணாண் முழுதாக அறாதவர்களின் கைகளுக்கு மட்டும்.

நாரி நோவுக்கு ஒட்டும் டென்ஸ் பெட்டி அது இல்லை. உங்கள் நிலையத்தில் எந்தப் பெட்டி என்று கேளுங்கள். உணர்ச்சி இல்லாத தோலில் அது சுட்டாலும் அண்ணாவுக்குத் தெரியாது. (அம்மம்மாவின் நொச்சி ஒத்தணமும் அப்படித்தான், தயவுசெய்து வேண்டாம்.) இன்னொன்று, கழுத்தில் முறிந்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சடுதியாக ஏறலாம்: திடீரென்று தலையிடியும் முகத்தில் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்த்தி இருத்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மணிக்கட்டை நிமிர்த்தும்போது அவருடைய விரல்கள் தானாக மடங்கும். அந்த மடிப்புத்தான் அவருக்குப் பிடி. வீட்டில் பாசத்தோடு விரலையும் மணிக்கட்டையும் ஒன்றாக நேராக்கி இழுத்துவிடுவார்கள், பிடி தளர்ந்து போகும். விரலை நீட்டுவதென்றால் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு நீட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு சீவல்தொழிலாளி இந்த மடிப்பால்தான் முதலில் எவர்சில்வர் பேணியைப் பிடித்தார். அரைவாசித் தேத்தண்ணி மடியில். நல்லகாலம், ஆறின தேத்தண்ணி. நீங்களும் ஆறவைத்தே கொடுங்கள்.