வாசகர் கேள்வி: முதல் டவுன் பஸ்ஸும் வாழை இலைக் கட்டும்

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் ஊர். கீரையும் வாழை இலையும் தினமும் முதல் டவுன் பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிறேன். பஸ் ஒரு நாள் ஐந்தரைக்கு வருகிறது, ஒரு நாள் ஆறேகால் ஆகிவிடுகிறது. தாமதமானால் இலைக்கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிவிடுகிறார். கூடுதல் பஸ் கேட்டு மனு கொடுக்கலாம் என்கிறார்கள் ஊரில். பயன் இருக்குமா?
– வாசகி, திருவையாறு அருகில்

பதில்: மனு கொடுங்கள் அம்மா, ஆனால் ‘முதல் பஸ் தினமும் ஐந்தரைக்கு வர வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். கூடுதல் பஸ் பிறகு கேட்டுக்கொள்ளலாம். மணிக்கு இரண்டு பஸ் என்று வையுங்கள். அரை மணிக்கு ஒன்றாக வந்தால், நேரம் பார்க்காமல் வந்து நிற்கிறவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு பஸ் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வந்து, அப்புறம் 50 நிமிடம் ஒன்றுமே இல்லை என்றால் சராசரி கிட்டத்தட்ட 22 நிமிடம். பஸ்ஸும் டீசலும் கூடவில்லை, குறையவில்லை, காத்திருப்பு மட்டும் ஏறிவிட்டது, ஏனென்றால் பெரும்பாலான ஆட்கள் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து நிற்கிறார்கள். தாமதமான பஸ்ஸுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் சேரும், ஏற்றி இறக்க நேரமாகும், அது இன்னும் பிந்தும். பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதைப் பிடித்துவிடும்.

1988-ல் பரசுராமன், ஜீதம்ல், பெர்ரி என்ற சந்தையியல் ஆய்வாளர்கள் மூவரும் சேவைத் தரத்தை அளக்க சர்வ்குவால் என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். அதிலுள்ள ஐந்து கூறுகளில் வாடிக்கையாளர்கள் முதலிடம் தந்தது, சொன்னபடி செய்வதற்கு. உங்கள் கடைக்காரரும் அதைத்தான் பார்க்கிறார். ஏழு மணிக்கு மெஸ்காரர் இலை கேட்டு வந்து நிற்பார், அவரை எப்படித் திருப்பி அனுப்புவது? பஸ்ஸின் தாமதம் உங்கள் பெயரில் போய் விழுகிறது, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பஸ் சரியாகும்வரை ஒரு வழி உண்டு. கீரை வாடும், இலை ஒரு நாள் தாங்கும். இலையை முந்தின நாள் மாலையே அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோய்க் கடையில் இறக்கிவிடுங்கள். எத்தனை கட்டு வேண்டும் என்று மதியமே போனில் கேட்டுக்கொண்டால் மிச்சம் விழாது. காலையில் கீரை மட்டும். முகூர்த்த நாளில் நாலு வீடு சேர்ந்து ஒரு குட்டி யானை பிடிக்கலாம். தினமும் வேண்டாம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்த மிச்சத்தை வண்டி வாடகை தின்றுவிடும்.

மனுவில் இதையும் சேருங்கள்: 1999-ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது, காய்கறி கொண்டுவருகிறவர்களுக்கு விடியற்காலை பஸ்ஸையும் சேர்த்தே யோசித்தார்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுக்கலாம். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் நல்லது. இரண்டு வாரம் பஸ் வந்த நேரத்தைக் குறித்து அந்தத் தாளையும் இணையுங்கள்.

கேள்வி: குறுவை நெல் கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் கிடக்கிறது. இன்னும் ஒரு நிலையம் திறந்தால் தீருமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில், எடை போட்ட மூட்டை அங்கேயே அடுக்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அடைப்பு லாரியில் இருக்கிறது. களம் காலியாகாமல் அடுத்தவர் நெல்லை எங்கே கொட்டுவது? புது நிலையமும் சில நாளில் அப்படியே நிரம்பும். ஐப்பசி மழை வேறு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். அதனால் லாரி தினமும் வர வேண்டும் என்று கேளுங்கள், அதுவரை தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.